முகம் பார்த்து வாங்கிய உரம்

ஜூன் 3

அன்புள்ள அக்கா,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். நாற்காலியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து வயிறு மட்டும் எனக்கு முன்னால் நடக்கிறது. உன் முழங்கால் வலி குறைந்ததா? மச்சானின் இருமல் நின்றதா? போனில் கேட்டால் "எல்லாம் சரியாப் போச்சுடா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் நீயும் நாலு வரி எழுதுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு நல்ல செய்தி. உரத் திட்டம் வகுக்கும் பிரிவுக்கு என்னை மாற்றிவிட்டார்கள். நம் பக்கத்து விவசாயிகள் ஏன் உரம் போடத் தயங்குகிறார்கள், அவர்களை எப்படிப் போட வைப்பது என்று யோசிப்பதுதான் இனி என் வேலை. இத்தனை வருஷம் அடுத்தவர் எழுதிய கோப்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினேன். இப்போது நான் எழுதுவதை மற்றவர்கள் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

என் யோசனை இதுதான். நாங்கள் அச்சடித்துக் கொடுக்கும் தாளை எந்த விவசாயியும் நம்பமாட்டார். பக்கத்து வயலில் கண்ணால் பார்த்தால் நம்புவார். ஆகவே ஊருக்கு ஒரு மாதிரி வயல். நாங்கள் கொடுக்கும் உரத்தை நாங்கள் சொல்லும் அளவில் போட வேண்டும். போகிறவர் வருகிறவர் கண்ணில் படுவதற்காக அந்த வயல் சாலையோரம் இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் சேர்த்தேன். டைரக்டர் அந்த விதியைப் படித்துவிட்டுத் தலையைத் தலையை ஆட்டினார்.

நம் ஊருக்கு உன் சாலையோர வயலை எழுதிக் கொடுத்துவிட்டேன். கேட்காமல் கொடுத்ததற்குத் திட்டாதே. வேறு யாரிடம் எனக்கு இந்த உரிமை இருக்கிறது?

உன் தம்பி

ஜூன் 15

தம்பிக்கு அக்கா எழுதுவது.

கடிதம் வந்தது. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது, உட்கார்ந்தால் எழ மாட்டேன் என்கிறது, எழுந்தால் உட்கார மாட்டேன் என்கிறது. அவர் இருமல் போய்விட்டது, மூக்கு மேல் வரும் கோபம்தான் போகவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. வயிறு முன்னால் போனால் போகட்டும்.

நீ பெரிய வேலைக்குப் போனதை எதிர்வீட்டுத் தையல்காரியிடம் முதலில் சொன்னேன். கணவர் இறந்த பிறகு அந்தத் தையல் மெஷினும் சாலைக்குக் கீழே இருக்கும் ஒரு துண்டு நிலமும்தான் அவளுக்கு. கையில் துணியை வைத்துக்கொண்டே, "தம்பி சின்ன வயசுலயே வாயாலயே வண்டி ஓட்டுவாரு" என்றாள். ரெண்டு பேரும் சிரித்தோம். சந்தோஷத்தில்தான்.

உன் மச்சான் ஒன்று சொல்லச் சொன்னார். சாலையோர வயல் களர் நிலம், வெயில் காலத்தில் உப்பு வெள்ளையாகப் பூக்கும், உனக்கே தெரியும். மேட்டு வயலைத் தருகிறேன் என்கிறார். விதியில் ஒரு வரி மாற்ற முடியுமா?

பெரிய வேலை என்றால் போட்டோ எல்லாம் எடுப்பார்கள். வாயை மூடிக்கொண்டு நில். தொழுவத்துக் கல்லில் விழுந்து உடைத்துக்கொண்ட பல் நாலு பேருக்குத் தெரியப்போகிறது.

அக்கா

ஜூன் 24

அன்புள்ள அக்கா,

இங்கே மழை, எனக்கு ஜலதோஷம், மற்றபடி குறை இல்லை. அங்கே விதைப்புக்கு ஈரம் போதுமா?

மேட்டு வயல் வீட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது, அதை யார் வந்து பார்ப்பார்கள்? விதியை எழுதியவனே தன் அக்காவுக்காக அதை வளைத்தான் என்றால் என் பேர் என்ன ஆகும்? மச்சானிடம் பக்குவமாகச் சொல். நல்ல உரம் விழுந்தால் களரும் கொஞ்சம் வழிக்கு வரும். மூட்டைகள் அடுத்த வாரம் வந்துவிடும். மக்காச்சோளமே போடுங்கள். ஆகஸ்டில் போட்டோக்காரரை அனுப்புகிறேன். அந்தப் படத்தை வைத்துத்தான் திட்டத்தை எல்லா ஊருக்கும் கொண்டுபோகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது.

தம்பி

ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

சுகம். அங்கும் சுகம்தானே? ஜலதோஷத்தோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாதே.

போட்டோக்காரர் வந்தார். நல்ல மனிதர், வெயிலில் வியர்த்துக் கொட்டியது, மோர் கொடுத்தேன். நான் எப்போதும் உடுத்துவதையே உடுத்திக்கொண்டு நிற்கப்போனேன், தையல்காரி விடவில்லை. என் பழைய பச்சைத் துணியில் ஒரே ராத்திரியில் ரவிக்கை தைத்துக் கொண்டுவந்து, "ஊரே பார்க்கப் போற முகம்க்கா, கழுத்து சரியா இருக்க வேணாமா?" என்று அவளே கொக்கி மாட்டிவிட்டாள். உன் மச்சான் அன்று சந்தைக்குப் போயிருந்தார். எங்கே நிற்க வேண்டும் என்று போட்டோக்காரருக்கு நான்தான் இடம் காட்டினேன். பயிர் என் தலைக்கு மேல் இருந்தது. நாலைந்து படம் எடுத்தார்.

வேறு விசேஷம் இல்லை. கூரையில் ஒரு ஓடு மாற்றினோம்.

அக்கா

செப்டம்பர் 20

அன்புள்ள அக்கா,

எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. திட்டம் பாஸ் ஆகிவிட்டது! எல்லா ஊருக்கும். டைரக்டர் எழுந்து வந்து கை கொடுத்தார். எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள், ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம்கூட இருக்கிறது.

திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அறுவடை முடிந்ததும் எல்லோருக்கும் பாதி விலை கூப்பன். ஆனால் கெடு உண்டு. அறுவடை முடிந்த கொஞ்ச நாளுக்குள் வாங்காவிட்டால் கூப்பன் செல்லாது. ஏன் தெரியுமா? கையில் காசு இருக்கும்போது வாங்காத ஆள் பிறகு வாங்கவே மாட்டார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போடுவார். அந்த நாளைக்கைத்தான் நான் ஒழித்துக் கட்டியிருக்கிறேன்.

உன் படம்தான் போஸ்டர். இதோடு ஒன்று அனுப்புகிறேன். நானே உட்கார்ந்து, ஓரங்களை வெட்டி, உன் முகம் பெரிதாகத் தெரியும்படி வைத்தேன். கீழே உள்ள வாசகமும் என்னுடையதுதான்: "நான் போட்டேன். என் பயிரைப் பாருங்க."

கூட்டத்தில் ஒருவர், இந்த விளைச்சல் நிஜம்தானா என்று கேட்டார். "என் கூடப் பிறந்த அக்கா சார், அவ பொய் சொல்வாளா?" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

நவம்பர் 18

தம்பிக்கு அக்கா எழுதுவது.

எழுதத் தாமதமாகிவிட்டது. கையில் சின்ன வெட்டு, பயப்பட ஒன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

போஸ்டரை உரக்கடைச் சுவரில், பஸ் நிற்கும் இடத்தில், பள்ளிக்கூடத்து மதிலில் எல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். நான் சாமான் வாங்கப் போனால் என் முகத்துக்கு நேரே நானே நிற்கிறேன். கடைக்காரர் சிரிக்கிறார்.

சாலைக்குக் கீழே அதே களர் நிலம் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் உரம் வாங்கிவிட்டார்கள். தையல்காரியும் வாங்கினாள். இந்த வருஷம் அவளுக்கு அறுவடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கூப்பன் கெடுவோ முடியப்போகிறது. மெஷினை விற்றுவிட்டாள். "விளைஞ்சதும் புதுசா வாங்கிக்கலாம்க்கா, உங்க முகத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன்" என்றாள். வீட்டுக்குள் அடுப்பில் ஏதோ இருக்கிற மாதிரி உள்ளே வந்துவிட்டேன்.

உன்னிடம் ரெண்டு விஷயம் கேட்க வேண்டும். உங்கள் திட்டத்தில் மண்ணைப் பார்த்துவிட்டுத்தான் உரம் கொடுக்கிறார்களா? இன்னொன்று, அந்தப் படம் உனக்கு நன்றாகத் தெரிந்ததா? எல்லாம் பார்த்தாயா?

அக்கா

டிசம்பர் 9

அன்புள்ள அக்கா,

கை வெட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டாயா? இரும்புதானே பட்டது? அலட்சியம் வேண்டாம்.

மண் பரிசோதனை பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல கேள்விதான். ஆனால் ஒவ்வொரு வயலாக மண்ணை அள்ளிச் சோதித்துக்கொண்டிருந்தால் ஒரு பருவம் அதிலேயே போய்விடும். திட்டம் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே மூட்டை, ஒரே வாசகம். அப்போதுதான் நடக்கும். களர் நிலத்துக்கு ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி வடித்துவிட்டு, பிறகு உரம் போட வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதை அடுத்த கட்டத்தில் சேர்ப்பதாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. வேலை தலைக்கு மேல் இருக்கிறது. மச்சானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

மார்ச் 11

மாப்பிள்ளைக்கு,

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. சௌக்கியம் என்று எழுதித் தொடங்க வேண்டுமாம், அதனால் எழுதுகிறேன், சௌக்கியம்.

சாலைக்குக் கீழே பயிர் போய்விட்டது. இலை ஓரம் எல்லாம் கருகி, முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. யாரும் எங்கள் வீட்டுக்கு வந்து சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. உங்கள் அக்கா கடைக்குப் போவதில்லை, சாமான் நான்தான் வாங்குகிறேன். தண்ணீர் பிடிக்கக்கூட எல்லோரும் போன பிறகு போகிறாள். கேட்டால் முழங்கால் வலி என்கிறாள். எழுது என்று தாளை எடுத்துக் கொடுத்தால் மடித்து வைத்துவிடுகிறாள். உங்களுக்கு நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

நீங்கள் ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

ஏப்ரல் 4

அன்புள்ள அக்கா,

நலமா? முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி அனுப்பியிருக்கிறேன், சூடு பறக்கத் தேய்க்க வேண்டுமாம்.

வர வேண்டும் என்றுதான் இருக்கிறேன். அடுத்தடுத்துக் கூட்டம், டைரக்டர் விடமாட்டேன் என்கிறார். சில ஊர்களில் மழை சரியாக இல்லாததால் விளைச்சல் கொஞ்சம் குறைந்ததாகத் தகவல் வந்தது. உங்கள் பக்கம் எப்படி?

ஏதாவது இருந்தால் எழுது. எதுவாக இருந்தாலும்.

தம்பி

ஏப்ரல் 22

தம்பிக்கு,

தைலம் வந்தது. வலி முழங்காலில் இல்லை. நீ நலமாக இரு.

இதை மென்று முழுங்கிக்கொண்டு எட்டு மாசம் ஓட்டிவிட்டேன், இனி முடியாது. நீ போஸ்டர் போட்ட பயிர் உன் உரம் போட்ட பயிர் இல்லை. சாலையோர வயலில் நீ சொன்ன அளவு ஒரு பிடி குறையாமல் போட்டோம். பயிர் மஞ்சளாகி, நுனி கருகி நின்றது. உன் மச்சான் "மாப்பிள்ளைக்கு எழுது" என்று தினமும் சொன்னார். நான்தான், போட்டோக்காரர் வருவதற்குள் தேறிவிடும், தேறிவிடும் என்றேன். அவர் வந்து இறங்கினபோதும் பயிர் அப்படியேதான் நின்றது. எல்லாம் உன் கையில்தான் என்று நீ எழுதியிருந்தாய். வீட்டுக்குப் பின்னால், பழைய தொழுவம் இருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாடு நின்று நின்று சாணியில் ஊறின மண். நான் சும்மா ஊன்றி வைத்த நாலு வரிசை மக்காச்சோளம் அங்கே ஆள் உயரம் நின்றது. அந்த நாலு வரிசையைப் பார்த்துத்தான் ஊர் ஊராக உரம் வாங்கியிருக்கிறார்கள்.

உனக்கு நல்ல பேர் வரட்டும் என்றுதான் செய்தேன் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அது முழு உண்மை இல்லை. அந்தப் புது ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கருகின பயிருக்குப் பக்கத்தில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். அந்த வெட்கத்துக்குப் பயந்து இந்த வெட்கத்தைத் தேடிக்கொண்டேன்.

போன வாரம் தையல்காரி வாசலில் வந்து நின்றாள். இன்றைக்குத் திட்டப்போகிறாள், திட்டட்டும் என்று கதவைத் திறந்தேன். "அக்கா, தடியான ஊசி ஒண்ணு இருந்தா குடுங்களேன்" என்றாள். கையால் தைக்கிறாளாம். சாக்குத் துணி, பை, எது வந்தாலும் தைக்கிறாளாம். ஊசியைக் கொடுத்தேன். "ரெண்டு நாள்ல திருப்பிக் குடுத்துடறேன்" என்றாள். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் சொன்னால் உன் வேலைக்கு என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. உன்னையும் ஏமாற்றினேன், தம்பி. கூட்டத்தில் எனக்காக நெஞ்சைத் தட்டிப் பேசினாய். உன் முகத்தில் எப்படி முழிப்பேன்?

அக்கா

மே 6

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. மன்னித்துக்கொள்.

நீ என்னை ஏமாற்றவில்லை. போட்டோக்காரர் ஐந்து படம் கொடுத்தார். ஐந்திலும் உன் இடது தோளுக்குப் பின்னால், மாடு கட்டுகிற அந்தக் கல் நிற்கிறது. என் முன்பல்லை உடைத்த கல்லை எனக்கு அடையாளம் தெரியாதா? பார்த்த அந்த நிமிஷமே இது சாலையோர வயல் இல்லை, தொழுவம் என்று தெரிந்துவிட்டது. ஏன் அங்கே போய் நின்றாய் என்பதும் தெரிந்துவிட்டது. உனக்கு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போனைக் கையில்கூட எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் அந்த ஓரத்தை வெட்டினேன். கல் போய்விட்டது. உன் முகம் பெரிதாகிவிட்டது.

தெரிந்தேதான், "அவ பொய் சொல்வாளா?" என்று கூட்டத்தில் கேட்டேன். உன்னைப் பெருமையாகப் பேசியதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நாளைக்கு ஏதாவது என்றால் பழி உன் தலையில் விழட்டும் என்று ஒரு ஓரத்தில் நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். இதை எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

படம் நன்றாகத் தெரிந்ததா, எல்லாம் பார்த்தாயா என்று கேட்டாயே, அது எதற்கு என்று எனக்குப் புரிந்தது. நான் பதிலுக்கு உன் கை வெட்டுக்கு ஊசி போடச் சொன்னேன். மச்சான் கூப்பிட்டபோது கூட்டம் என்றேன். ஒரு கூட்டமும் இல்லை. இந்தத் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை குறைவு என்று எழுதினேன். மழை குறையவில்லை. களர் நிலத்து ஊர்களில் இருந்து எல்லாம் ஒரே மாதிரித் தகவல்தான் வந்தது. சாலையோரம் என்ற விதி என்னுடையது, கெடு என்னுடையது, எல்லோருக்கும் ஒரே அளவு என்பதும் என்னுடையது. தையல்காரி வீட்டு மெஷினை என் கெடுதான் விற்றது.

நீ ஒரு இடத்தை மாற்றிக் காட்டினாய். நான் அதை ஆயிரக்கணக்கில் அடித்து ஊர் ஊராக ஒட்டினேன். அடுத்த பருவத்துக்கும் அதே போஸ்டர் அச்சகத்துக்குப் போகப்போகிறது. டைரக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உனக்கு எழுதிவிட்டால் அவர் அறைக்குள் போகிற தைரியம் வரும் என்று பார்க்கிறேன். ஒரு புது மெஷின் வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் ஊருக்கு வரலாமா? அவளிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி

மே 14

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரெண்டு நாள் உன் மேல் ஆத்திரமாக இருந்தேன். உன் மச்சான் சாப்பிடக் கூப்பிட்டார், அவர் மேலும் எரிந்து விழுந்தேன். பிறகு, வெட்டினவன் தம்பி என்றாலும் இடம் காட்டினவள் நான்தானே என்று தோன்றியது. நீ சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்கவில்லை. எழுந்து எதிர்வீட்டுக்குப் போனேன்.

தையல்காரி வாசலுக்கு உள்ளே வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்கார்ந்து ஏதோ பையின் வாயை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். என் ஊசிதான். நின்றுகொண்டே சொன்னேன். "போஸ்டர்ல இருக்கிறது உரம் போட்ட வயல் இல்ல. எங்க பழைய தொழுவம். தெரிஞ்சேதான் அங்க போய் நின்னேன். உன்னை ஏமாத்திட்டேன்."

அவள் கை நிற்கவில்லை. அந்தத் தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தம்பிக்குத் தெரியுமாக்கா?"

உன் கடிதம் என் இடுப்பில் செருகியிருந்தது. "அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

"பாவம்க்கா" என்றாள். "தம்பியையுமா ஏமாத்துனீங்க? அவரு எவ்வளவு பெருமையா உங்க படத்தைப் போட்டிருந்தாரு."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். பொய்யைச் சொல்லித் தீர்க்கப் போன இடத்தில் உனக்காக இன்னொன்றைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வாய் பழகிவிட்டது போலிருக்கிறது. இதை நான் திருத்தப்போவதில்லை.

டைரக்டரிடம் போனாயா இல்லையா என்று எனக்கு எழுதாதே. அச்சகத்தை நிறுத்தினாய் என்றால் இங்கே சுவரைப் பார்த்தே தெரிந்துவிடும். மெஷின் வாங்கிக்கொண்டு வராதே, அதைக் கொடுத்து அவள் வாயை அடைத்தது போலாகிவிடும். அது பிறகு. வெறுங்கையோடு வா. பஸ்ஸில் இருந்து இறங்கினதும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாதே. நேரே எதிர்வீட்டுக்குப் போ. அவள் உன்னைப் பார்த்ததும் பாவம் என்பாள், உட்காரச் சொல்வாள். உட்காராதே. நின்றுகொண்டே சொல்.

அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வா. சாப்பாடு எடுத்து வைத்திருப்பேன்.

அக்கா